செட்டப் பைல் தயாரிக்கிறீர்களா? எதைத் தொடக்கூடாது என்று முதலில் சொல்லுங்கள்

"புரோகிராம் எழுதி முடித்துவிட்டேன். இனி அதை மற்ற கம்ப்யூட்டர்களில் போட வேண்டும். செட்டப் பைல் தயாரிப்பது எப்படி?" சொந்தக் கடைக்கோ, அப்பாவின் ஆபீசுக்கோ, வேலை பார்க்கும் கம்பெனிக்கோ சிறிய புரோகிராம் எழுதுகிற பலர் கேட்கும் கேள்வி இது. பதில் எளிது. இதற்கென்றே சாப்ட்வேர்கள் இருக்கின்றன. அவற்றிலுள்ள விஸார்டைத் திறந்து, அது கேட்கும் ஏழெட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் செட்டப் பைல் தயார். பத்து நிமிட வேலைதான்.

ஆனால் அப்படித் தயாராகும் செட்டப் பைலை முதல் தடவைக்கு மட்டுமே நம்பலாம். புரோகிராமே இல்லாத கம்ப்யூட்டரில் அது அழகாக வேலை செய்யும். இரண்டாவது தடவைதான் சிக்கல். புரோகிராம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் ஆறு மாதக் கணக்கு ஏறியிருக்கிறது, அதன் மேல் புதிய பதிப்பைப் போடுகிறீர்கள். அப்போது செட்டப் பைல் எதை மாற்றும், எதை விட்டுவிடும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாமல் இருந்தது. அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட்டு விஷயத்திற்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு பீஸ் ரேட் கூலி கணக்கு போடும் புரோகிராம் ஒன்றை விஷுவல் பேசிக் 6ல் எழுதிக் கொடுத்திருந்தேன். (விஷுவல் பேசிக் 6க்கு மைக்ரோசாப்ட் தந்த ஆதரவு 2008லேயே முடிந்துவிட்டது. ஆனால் அதில் எழுதிய புரோகிராம்கள் ஓடத் தேவையான ரன்டைம் விண்டோஸ் 11லும் இருக்கிறது. அதனால் இப்படிப்பட்ட புரோகிராம்கள் பல ஆபீஸ்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.) கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றிலும் டி டிரைவில் ஒரு போல்டர். அதற்குள் புரோகிராமும், கணக்கு ஏறும் ஆக்சஸ் டேட்டாபேஸ் பைலும் ஒன்றாக இருக்கும். சனிக்கிழமை மாலை எல்லாப் பிரிவுக் கணக்கையும் எடுத்து ஆபீசில் கூலி போடுவார்கள்.

ஓவர்டைம் கணக்கில் ஒரு தவறு இருப்பதாகச் சொன்னார்கள். திருத்தினேன். புதிய செட்டப் பைல் தயாரித்து பென் டிரைவில் எடுத்துப் போனேன். முதலில் தையல் பிரிவு. அங்கேதான் ஆட்கள் அதிகம். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ். ஒரு நிமிடத்தில் முடிந்தது. அடுத்த கம்ப்யூட்டருக்குப் போவதற்குள் சூப்பர்வைசர் அக்கா கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் வந்து பாருங்க. எல்லாப் பேருக்கும் சைபர் காட்டுதுங்க."

ஒரு வாரக் கணக்கு போயிருந்தது. காலி டேட்டாபேஸ் பைல் ஒன்றை செட்டப்புடன் சேர்த்து வைத்திருந்தேன். முதல் தடவை இன்ஸ்டால் செய்யும்போது அது தேவைப்பட்டது. இந்தத் தடவை அதே காலி பைல், கணக்கு ஏறியிருந்த பைலின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. மேலெழுதப்பட்ட பைல் என்பதால் ரெக்கவரி சாப்ட்வேராலும் அதை மீட்க முடியவில்லை. கடைசியாக எடுத்த பேக்கப் போன சனிக்கிழமையுடையது.

வேடிக்கை என்னவென்றால், ஓவர்டைம் தவறு அப்படியே இருந்தது! மாற வேண்டிய புரோகிராம் மாறவில்லை. மாறக்கூடாத டேட்டா மாறிவிட்டது.

சூப்பர்வைசர் அக்கா நோட்டில் எழுதி வைத்திருந்த பீஸ் எண்ணிக்கையை அவர் படிக்கப் படிக்க, நானும் ஆபீஸ் கணக்கரும் மாறி மாறி டைப் செய்தோம். ஆறு மணிக்கு வாங்க வேண்டிய கூலியை தையல் பிரிவில் ஒன்பதரை மணிக்குத்தான் வாங்கினார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களும் உண்டு. அந்த நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

ஏன் அப்படி நடந்தது?

நான் பயன்படுத்தியது இன்னோ செட்டப். ஜோர்டன் ரஸ்ஸல் என்பவர் உருவாக்கி 1997ல் வெளியிட்ட சாப்ட்வேர் இது. இன்றும் புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. குற்றம் அதனுடையது அல்ல. அது தன் விதிப்படிதான் நடந்தது. அந்த விதி என்ன என்று நான் படிக்கவில்லை.

இன்ஸ்டால் செய்ய வேண்டிய இடத்தில் அதே பெயரில் ஒரு பைல் ஏற்கனவே இருந்தால், இன்னோ செட்டப் இரண்டு பைல்களின் வெர்ஷன் எண்ணையும் ஒப்பிடும். இஎக்ஸ்இ, டிஎல்எல் போன்ற பைல்களுக்குள் இந்த எண் பதிந்திருக்கும். புதியதன் எண் பெரியதாக இருந்தால் மாற்றும். இரண்டும் ஒரே எண் என்றால், வேறு எதுவும் சொல்லாதவரை, பழையதையே விட்டுவிடும். நான் புரோகிராமைத் திருத்தினேனே தவிர வெர்ஷன் எண்ணை ஏற்றவில்லை. எனவே பழைய இஎக்ஸ்இ பைல் அப்படியே இருந்துவிட்டது.

ஆக்சஸ் டேட்டாபேஸ், டெக்ஸ்ட் பைல் போன்றவற்றில் இப்படி வெர்ஷன் எண் எதுவும் கிடையாது. பழைய பைலுக்கும் எண் இல்லை, புதிய பைலுக்கும் எண் இல்லை என்றால் இன்னோ செட்டப் புதியதை எடுத்து பழையதன் மேல் எழுதிவிடும். காலி பைல் ஜெயித்தது இப்படித்தான்.

விஸார்ட் எழுதித் தரும் வரிகளில் 'இக்னோர் வெர்ஷன்' என்ற ஒரு சொல் இருக்கும். எண்ணைப் பார்க்காமல் எப்போதும் மாற்று என்பது அதன் பொருள். எதற்கு என்று தெரியாமல் அதை நான் நீக்கியிருந்தேன். அது இருந்திருந்தால் புரோகிராமாவது மாறியிருக்கும். டேட்டா எப்படியும் போயிருக்கும்.

எந்த சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம்?

செட்டப் தயாரிக்கப் பல வழிகள் உண்டு. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற வசதி ஆபீஸ் 2000 தொகுப்புடன் வந்தது. இதற்கான பைல்கள் எம்எஸ்ஐ என்று முடியும். நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்கள் உள்ள பெரிய நிறுவனங்களில் சர்வரிலிருந்தே எல்லாவற்றிலும் இன்ஸ்டால் செய்ய இது ஏற்றது. எம்எஸ்ஐ பைல் தயாரிக்க விக்ஸ் என்ற கருவி இருக்கிறது. மைக்ரோசாப்டில் உருவாகி 2004ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிடப்பட்டது அது. சக்தி அதிகம், கற்பதும் கடினம். வின்ஆம்ப் பாட்டு சாப்ட்வேரைத் தந்த நல்சாப்ட் உருவாக்கிய என்எஸ்ஐஎஸ் இன்னொன்று.

பத்துக் கம்ப்யூட்டருக்குள் உள்ள ஆபீசுக்கு இன்னோ செட்டப் போதும். அதன் ஹெல்ப் பைல் மிகத் தெளிவானது. டவுன்லோடு செய்யும்போது, கம்பெனி வேலைக்குப் பயன்படுத்துவோருக்கான உரிமம் பற்றி அந்தத் தளத்தில் சொல்லியிருப்பதையும் படித்துவிடுங்கள்.

இன்னோ செட்டப்பில் நீங்கள் எழுதுவது ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைல். இதை ஸ்கிரிப்ட் என்பார்கள். செட்டப், பைல்ஸ், ஐகான்ஸ், ரன் என்று பிரிவுகள் இருக்கும். கம்பைல் பட்டனை அழுத்தினால் எல்லாம் சேர்ந்து ஒரே இஎக்ஸ்இ பைலாகக் கிடைக்கும். கீழே நான் சொல்லும் கட்டளைப் பெயர்களை ஸ்கிரிப்டில் ஆங்கிலத்தில், நடுவில் இடம் விடாமல் டைப் செய்ய வேண்டும். விஸார்டை வைத்தே முதல் ஸ்கிரிப்டைத் தயாரித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

பைலின் பெயரிலேயே வெர்ஷன்

ஒன்றும் சொல்லாவிட்டால், ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தில் அவுட்புட் என்ற போல்டருக்குள் மைசெட்டப் என்ற பெயரில் பைல் உருவாகும். அடுத்த தடவை கம்பைல் செய்யும்போது அதன் மேலேயே எழுதும். பென் டிரைவில் மூன்று மைசெட்டப் பைல்கள் இருந்தால் எது புதியது என்று யாருக்கும் தெரியாது.

செட்டப் பிரிவில் 'அவுட்புட் பேஸ் பைல்நேம்' என்ற வரியில் புரோகிராமின் பெயரையும் வெர்ஷன் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். 'அவுட்புட் டிர்' என்ற வரியில் எல்லா வெர்ஷன்களும் சேரும் ஒரு போல்டரைக் குறிப்பிடுங்கள். பழைய செட்டப் பைல்களை அழிக்காதீர்கள். புதியதில் பிரச்சினை வந்தால் பழையதற்குத் திரும்ப அவை வேண்டும்.

வெர்ஷன் எண்ணை ஸ்கிரிப்டில் கையால் டைப் செய்யவும் வேண்டாம். ஒருநாள் மறந்துவிடுவீர்கள். இன்னோ செட்டப்பின் பிரிபிராசசரில் 'கெட் வெர்ஷன் நம்பர்ஸ் ஸ்டிரிங்' என்ற பங்ஷன் இருக்கிறது. உங்கள் இஎக்ஸ்இ பைலின் பாதையைக் கொடுத்தால் அதற்குள் பதிந்துள்ள எண்ணை எடுத்துத் தரும். அதை ஸ்கிரிப்டின் தலைப்பில் டிபைன் செய்துவிட்டு, பைல் பெயர், 'ஆப் வெர்ஷன்' வரி என எல்லா இடங்களிலும் பயன்படுத்துங்கள். இஎக்ஸ்இ பைலில் எண் ஏறுவதையும் தானாக நடக்கச் செய்யலாம். விஷுவல் பேசிக் 6ல் புராஜெக்ட் பிராப்பர்ட்டீஸ் போய் மேக் டேபில் ஆட்டோ இன்கிரிமென்ட் பெட்டியில் டிக் செய்தால், ஒவ்வொரு தடவை இஎக்ஸ்இ உருவாக்கும்போதும் எண் ஒன்று கூடும்.

ஆப் ஐடியை மாற்றாதீர்கள்

செட்டப் பிரிவில் 'ஆப் ஐடி' என்று ஒரு நீண்ட எண் இருக்கும். இதுதான் உங்கள் புரோகிராமின் அடையாளம். புதிய பதிப்பை இன்ஸ்டால் செய்யும்போது, "இது ஏற்கனவே இங்கே இருக்கும் புரோகிராம்தான்" என்று செட்டப் பைல் புரிந்துகொள்வது இதை வைத்துத்தான். பழைய போல்டர் எது என்று தெரிந்துகொள்வதும் இதை வைத்துத்தான்.

இந்த வரியே இல்லையென்றால் புரோகிராமின் பெயரையே அடையாளமாக எடுத்துக்கொள்ளும். 'கூலி கணக்கு' என்பதை 'கூலி கணக்கு 2' என்று மாற்றினீர்கள் என்று வையுங்கள். கண்ட்ரோல் பேனலில் இரண்டு புரோகிராம்கள் தெரியும். யாராவது "பழையது எதற்கு?" என்று ஒன்றை அன்இன்ஸ்டால் செய்வார்கள். இரண்டும் ஒரே போல்டரில் இருந்தால் புதியதும் சேர்ந்து போய்விடும். டூல்ஸ் மெனுவில் ஒருமுறை எண்ணை உருவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு அதைத் தொடவே வேண்டாம். அதேபோல் ஒரு புரோகிராமின் ஸ்கிரிப்டைக் காப்பி செய்து வேறு புரோகிராமுக்குப் பயன்படுத்தினால், ஆப் ஐடியை மட்டும் மறக்காமல் புதிதாக உருவாக்குங்கள்.

பைல்களை மூன்றாகப் பிரியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஸ்கிரிப்டைத் தொடும் முன் ஒரு காகிதத்தை எடுத்து, உங்கள் போல்டரில் உள்ள ஒவ்வொரு பைலுக்கும் எதிரே அது யாருக்குச் சொந்தம் என்று எழுதுங்கள்.

முதல் வகை, புரோகிராமுக்குச் சொந்தமானவை. இஎக்ஸ்இ, உங்கள் சொந்த டிஎல்எல், ரிப்போர்ட் பைல்கள், ஹெல்ப் பைல். இவற்றை எப்போதும் மாற்றலாம். பைல்ஸ் பிரிவில் இவற்றுக்கு 'இக்னோர் வெர்ஷன்' கொடுங்கள். ஆனால் விண்டோஸின் சிஸ்டம் போல்டருக்குப் போகும் பொதுவான பைல்களுக்கு இதைக் கொடுக்கக்கூடாது. அங்கே புதியதை எடுத்துவிட்டுப் பழையதை வைத்தால் வேறு புரோகிராம்கள் படுத்துவிடும்.

இரண்டாவது வகை, செட்டிங்ஸ். பிரிண்டர் பெயர், பிரிவின் பெயர், போல்டர் பாதை ஆகியவை உள்ள ஐஎன்ஐ பைல். முதலில் கொடுப்பவர் நீங்கள். பிறகு மாற்றுகிறவர் பயன்படுத்துபவர். இந்த பைலை முழுதாக அனுப்பாமல், ஸ்கிரிப்டில் ஐஎன்ஐ என்ற பிரிவைப் பயன்படுத்தி ஒவ்வொரு வரியாக எழுதச் சொல்லலாம். அதில் 'கிரியேட் கீ இப் டஸின்ட் எக்ஸிஸ்ட்' என்று சேர்த்தால், ஏற்கனவே இருக்கும் செட்டிங்கை மாற்றாது. புதிதாக நீங்கள் சேர்த்த செட்டிங்கை மட்டும் எழுதும்.

மூன்றாவது வகை, பயன்படுத்துபவருக்கே சொந்தமானது. அதுதான் டேட்டா. முதல் தடவை காலி பைல் ஒன்று தேவை என்றால் 'ஒன்லி இப் டஸின்ட் எக்ஸிஸ்ட்' என்ற சொல்லை அந்த வரியில் சேர்க்க வேண்டும். அந்தப் பெயரில் பைல் இல்லாவிட்டால் மட்டும் வை, இருந்தால் தொடாதே என்று பொருள். அன்று என் ஸ்கிரிப்டில் இந்த ஒரு சொல் இருந்திருந்தால் தையல் பிரிவு ஆறு மணிக்கே கூலி வாங்கியிருக்கும்.

இதைவிட நல்ல வழி, டேட்டா பைலை செட்டப்பில் சேர்க்காமலே இருப்பது. புரோகிராம் திறக்கும்போது டேட்டா பைல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் அதுவே உருவாக்கிக்கொள்ளட்டும். டேபிளில் புதிய காலம் ஒன்று தேவை என்றாலும் புரோகிராமே பார்த்துச் சேர்க்க வேண்டும். அதற்காகப் புதிய டேட்டாபேஸ் பைலை அனுப்புவது அடுத்த விபத்துக்கு வழி.

டேட்டாவை எங்கே வைப்பது?

புரோகிராமையும் டேட்டாவையும் ஒரே போல்டரில் வைத்தது என் இன்னொரு தவறு. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, புரோகிராம் பைல்ஸ் போல்டருக்குள் சாதாரண யூசர் எதையும் எழுத முடியாது. பழைய புரோகிராம் ஒன்று அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் அந்த யூசருக்கு மட்டும் உரிய விர்ச்சுவல் ஸ்டோர் என்ற போல்டருக்குத் திருப்பிவிடும். ஒரே கம்ப்யூட்டரில் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் தனித்தனி யூசராக லாகின் செய்தால், ஒருவர் ஏற்றிய கணக்கு மற்றவருக்குத் தெரியாது. இருவரும் உங்களைத்தான் திட்டுவார்கள்.

எல்லா யூசருக்கும் பொதுவான டேட்டாவுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் இடம் சி டிரைவில் உள்ள புரோகிராம் டேட்டா போல்டர். எக்ஸ்புளோரரில் இது மறைந்திருக்கும். இன்னோ செட்டப்பில் 'காமன் ஆப் டேட்டா' என்று நெளிவு அடைப்புக்குள் எழுதினால் இந்த இடத்தைக் குறிக்கும். ஆனால் ஒருவர் உருவாக்கிய பைலை மற்றொருவர் திருத்த அங்கே சாதாரணமாக அனுமதி இருக்காது. எனவே டிர்ஸ் பிரிவில் உங்கள் போல்டரைக் குறிப்பிட்டு, 'பெர்மிஷன்ஸ்' என்ற இடத்தில் 'யூசர்ஸ் மாடிபை' என்று கொடுங்கள். இந்தப் பெயரில் மட்டும் இரு சொற்களுக்கு நடுவே ஒரு சிறு கோடு வரும்.

செட்டப்பே பேக்கப் எடுக்கட்டும்

எவ்வளவு கவனமாக எழுதினாலும் தவறு வரலாம். எனவே எந்தப் பைலையும் மாற்றும் முன் டேட்டாவை ஒரு காப்பி எடுக்கும்படி செட்டப் பைலுக்கே சொல்லிவிடலாம். இதற்குப் புரோகிராம் எதுவும் எழுத வேண்டியதில்லை. பைல்ஸ் பிரிவின் முதல் வரியாக இதைச் சேருங்கள்: எடுக்க வேண்டிய பைல், அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருக்கும் டேட்டா பைல். வைக்க வேண்டிய இடம், பேக்கப் என்ற துணை போல்டர். 'டெஸ்ட் நேம்' என்ற இடத்தில், புதிய வெர்ஷன் எண்ணுடன் ஒரு பெயர்.

இந்த வரிக்கு நான்கு சொற்கள் தேவை. 'எக்ஸ்டர்னல்' என்றால், பைல் செட்டப்புக்குள் இல்லை, அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது என்று பொருள். 'ஸ்கிப் இப் சோர்ஸ் டஸின்ட் எக்ஸிஸ்ட்' என்றால், டேட்டா பைல் இல்லாத புதிய கம்ப்யூட்டரில் தவறு என்று சொல்லாமல் தாண்டிப் போகும். 'ஒன்லி இப் டஸின்ட் எக்ஸிஸ்ட்' இங்கேயும் தேவை. ஏனென்றால் ஏதோ கெட்டுப்போனால் எல்லோரும் முதலில் செய்வது அதே செட்டப்பை மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான். அப்போது கெட்டுப்போன டேட்டா நல்ல பேக்கப்பின் மேல் எழுதப்படக்கூடாது. நான்காவது, 'அன்இன்ஸ் நெவர் அன்இன்ஸ்டால்'. புரோகிராமை நீக்கினாலும் பேக்கப் இருக்க வேண்டும்.

காப்பி எடுக்கும்போது புரோகிராம் திறந்திருக்கக்கூடாது. 'ஆப் மியூடெக்ஸ்' என்ற வரி இதற்கு உதவும். உங்கள் புரோகிராம் திறக்கும்போது அதே பெயரில் ஒரு மியூடெக்ஸை உருவாக்கினால், செட்டப் பைல் அதைக் கண்டு, "முதலில் புரோகிராமை மூடுங்கள்" என்று சொல்லி நின்றுகொள்ளும்.

அன்இன்ஸ்டால் செய்தால்?

"சரியாக வேலை செய்யவில்லையா? எடுத்துவிட்டு மறுபடி போடு." நம் ஊரில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் இது. இன்னோ செட்டப்பின் அன்இன்ஸ்டாலர், தான் வைத்த பைல்களை எல்லாம் நீக்கும். அதற்குப் பிறகு அந்த பைலில் நீங்கள் ஆயிரம் வரி ஏற்றியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. எனவே காலி டேட்டா பைலை செட்டப் வைத்திருந்தால், அந்த வரிக்கும் 'அன்இன்ஸ் நெவர் அன்இன்ஸ்டால்' கொடுத்தே ஆக வேண்டும். புரோகிராம் தானாக உருவாக்கிய பைல்களை அன்இன்ஸ்டாலர் தொடாது. டேட்டாவைப் புரோகிராமே உருவாக்குவது நல்லது என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

'அன்இன்ஸ்டால் டிலீட்' என்ற பிரிவில் முழு போல்டரையே நீக்கச் சொல்லும் வசதி உண்டு. அதன் பக்கமே போகாதீர்கள்.

பார்ப்பதற்கும் அழகாக

உள்ளுக்குள் பயன்படுத்தும் புரோகிராம்தானே என்று தோற்றத்தை விட்டுவிட வேண்டாம். 'செட்டப் ஐகான் பைல்' வரியில் உங்கள் கம்பெனி ஐகானைக் கொடுக்கலாம். 'விஸார்ட் இமேஜ் பைல்' வரியில் கம்பெனி படத்தைக் கொடுக்கலாம். எந்த போல்டரில் போடுவது என்று கேட்கும் பக்கத்தை 'டிஸேபிள் டிர் பேஜ்' மூலம் எடுத்துவிடுங்கள். ஆளுக்கொரு போல்டரில் போட்டால் பிறகு நீங்கள்தான் தேடி அலைய வேண்டும்.

மெசேஜஸ் என்ற பிரிவில் நெக்ஸ்ட், கேன்சல் போன்ற பட்டன்களின் எழுத்தையும், கடைசியில் வரும் செய்தியையும் தமிழில் மாற்றலாம். இன்னோ செட்டப் 6 முழுக்க யூனிகோடு என்பதால் தமிழ் ஒழுங்காகத் தெரியும். 'இன்போ பிபோர் பைல்' என்ற வரியில் ஒரு டெக்ஸ்ட் பைலைக் கொடுத்தால், இன்ஸ்டால் ஆகும் முன் அதைக் காட்டும். இந்தப் பதிப்பில் என்ன மாறியது, பேக்கப் எங்கே இருக்கிறது என்று நாலு வரி நான் தமிழில் எழுதி வைக்கிறேன். கம்ப்யூட்டர் முன் உட்காருபவர் அதைப் படித்தால், போன் செய்யும் முன் அவருக்கே பாதி பதில் கிடைத்துவிடும்.

கேள்வி கேட்காமல் இன்ஸ்டால்

ஆறு கம்ப்யூட்டரிலும் நெக்ஸ்ட் அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கமாண்ட் பிராம்ப்டில் செட்டப் பைலின் பெயருக்குப் பின் ஒரு சாய்வுக் கோடு போட்டு 'சைலண்ட்' என்று கொடுத்தால், கேள்வி கேட்காமல் முன்னேற்றத்தை மட்டும் காட்டும். 'வெரி சைலண்ட்' என்றால் அதுவும் இல்லை. கூடவே 'லாக்' என்று கொடுத்து ஒரு பைல் பெயரும் கொடுங்கள். எந்த பைலை மாற்றியது, எதை ஏன் விட்டது என்று வரிக்கு வரி அதில் எழுதியிருக்கும். பழைய இஎக்ஸ்இ ஏன் மாறவில்லை என்று எனக்குத் தெரிந்ததே இந்த லாக் பைலைப் படித்த பிறகுதான். செட்டப் பிரிவில் 'செட்டப் லாகிங்' என்பதற்கு யெஸ் கொடுத்துவிட்டால், கேட்காமலே ஒவ்வொரு முறையும் டெம்ப் போல்டரில் லாக் எழுதும்.

கொடுக்கும் முன் ஐந்து சோதனைகள்

செட்டப் பைலை யாரிடமும் கொடுக்கும் முன், பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலோ, விர்ச்சுவல் மெஷினிலோ இந்த ஐந்தையும் வரிசையாகச் செய்யுங்கள்.

1. பழைய வெர்ஷனை இன்ஸ்டால் செய்து, பத்து வரி டேட்டா ஏற்றுங்கள். ஒரு செட்டிங்கையும் மாற்றுங்கள்.

2. அதன் மேல் புதிய வெர்ஷனை இன்ஸ்டால் செய்யுங்கள். பத்து வரியும் இருக்கிறதா? செட்டிங் அப்படியே இருக்கிறதா? அபௌட் விண்டோவில் வெர்ஷன் எண் ஏறியிருக்கிறதா?

3. பேக்கப் போல்டரைத் திறந்து, அங்குள்ள பைலை நிஜமாகவே திறந்து பாருங்கள்.

4. அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டேட்டாவும் பேக்கப்பும் மிஞ்சியிருக்கின்றனவா?

5. மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். பத்து வரியும் திரும்பத் தெரிகிறதா?

இதற்கு அரைமணி நேரம் ஆகும். முதலிலும் இரண்டாவதிலும் சாதாரண யூசராக லாகின் செய்து பார்ப்பது இன்னும் நல்லது. அட்மினிஸ்டிரேட்டராக மட்டும் பார்த்தால் அனுமதிப் பிரச்சினை எதுவும் தெரியாது.

அந்தக் கம்பெனிக்கு அதன்பின் பலமுறை புதிய பதிப்புகள் போட்டுவிட்டேன். ஒரு வரி டேட்டா கூடப் போகவில்லை. இருந்தாலும் சூப்பர்வைசர் அக்கா நோட்டில் எழுதுவதை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. செட்டப் போடுவதைத் திங்கட்கிழமை காலைக்கு மாற்றிக்கொண்டேன். ஏதாவது தவறினால் திருத்த ஆறு நாள் இருக்கிறது.

உங்கள் ஸ்கிரிப்டை இன்றே ஒருமுறை திறந்து, டேட்டா பைல் உள்ள வரியைப் பாருங்கள். அதில் அந்த ஒரு சொல் இல்லையென்றால், அடுத்த செட்டப் பைலைத் தயாரிக்கும் முன் சேர்த்துவிடுங்கள்.